பழைய பேரில் இனிப் பற்று எழுத வேண்டாம்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டுக்குக் கணக்கு எழுதப் போனபோது எனக்கு 22 வயது. அந்த வீட்டு அய்யா இளவயதில் பர்மாவில் வட்டிக்கடைப் பெட்டியடியில் இருந்தவர். நான் போனபோது எண்பதைத் தொட்டிருந்தார். சித்திரை பிறந்ததும் புதுப் பேரேடு போடுவோம். மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு முடித்ததும் பெட்டகத்திலிருந்து இன்னொரு பேரேட்டை எடுத்து வரச் சொல்வார். பர்மாப் பேரேடு. மூலையெல்லாம் பூச்சி அரித்திருக்கும். ஐராவதிக் கரையில் நெல் போட்டவர்களுக்குக் கொடுத்த கடன் பாக்கிகள் அதில் இருந்தன.

1930-களில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் கைமாறி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942-ல் ஆயிரக்கணக்கானவர்கள் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்கள். போர் முடிந்த பின் பர்மா அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. அந்தப் பேரேட்டிலிருந்து ஒரு சல்லிக்காசு தேறாது என்பது ஊருக்கே தெரியும். அய்யாவுக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு பாக்கியையும் புதுப் பக்கத்துக்குக் கொண்டு வந்து, வட்டியும் சேர்த்து, இன்னார் பேரில் இவ்வளவு பற்று, அதாவது அவர் தர வேண்டியது இவ்வளவு என்று எழுதச் சொல்வார். மூன்று வருஷம் எழுதினேன்.

நாலாவது வருஷம் அய்யா இல்லை. சித்திரை முதல் நாள் பழக்க தோஷத்தில் பெட்டகத்தைத் திறக்கப் போனேன். ஆச்சி தடுத்தார்கள். "அதை இனிமே எழுத வேணாம் தம்பி." அப்படியானால் கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "கிழிப்பானேன்? அது பாட்டுக்கு இருக்கட்டும். எழுதாம விட்டாப் போதும்."

அப்போது அது எனக்கு வெறும் கணக்கு விஷயமாகத்தான் பட்டது. என் தலைக்குள்ளும் அப்படி ஒரு பேரேடு வைத்து வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிய இன்னும் இருபத்தைந்து வருஷம் ஆனது. "எனக்கு இதெல்லாம் வராது", "நான் எப்பவுமே இப்படித்தான்" என்று தன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அலுத்துப் போனவர்களுக்கு இந்தக் கட்டுரை. தியானம், வேதாந்தம் என்று எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழில் பற்று என்றால் கணக்கில் எழுதும் பற்றும்தான், மனசு பிடித்துக்கொண்டிருக்கும் பற்றும்தான். அது தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி.

முதல் வாரம்: ஒரு சிட்டை

சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். போனில் வேண்டாம், போனைத் திறந்தால் வேறு எங்கேயோ போய்விடுவோம். ஏழு நாள், உங்களைப் பற்றி நீங்களே குறைத்துச் சொல்லும் வாக்கியம் வாயில் வந்தாலும் மனசில் வந்தாலும் உடனே குறியுங்கள். எப்போது, எங்கே, என்ன வாக்கியம், உடம்பில் எந்த இடம் இறுகியது. அவ்வளவு போதும். ஏன் வந்தது, சரியா தப்பா என்ற ஆராய்ச்சி கூடாது. சிட்டை என்பது அன்றாடம் நடப்பதை உடனுக்குடன் குறித்து வைக்கும் கணக்கு நோட்டு. அதில் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் முறை. அங்கேயே கூட்டிக் கழிக்க ஆரம்பித்தால் கணக்கு கெட்டுவிடும்.

என் முதல் சிட்டையிலிருந்து கொஞ்சம்:

செவ்வாய், காலை 10.20, பேங்க். "எனக்கு அதெல்லாம் பேசத் தெரியாது சார், மச்சினரைக் கூட்டிட்டு வர்றேன்." தொண்டை.

வியாழன் இரவு, மகள் போனில். "அம்மாகிட்டக் கேளு." வயிறு.

வெள்ளி. மூன்று தடவை. எழுதவே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் எழுத ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இல்லாமல் இல்லை, பிடிபடவில்லை. நாலாம் நாள் அதற்கு நேர்மாறாக, நாள் முழுக்க இதே வேலையாகத்தான் இருக்கிறோம் என்று பயம் வரும். இரண்டுமே சகஜம். ஏழாம் நாள் புரட்டிப் பார்த்தால் வார்த்தைதான் மாறியிருக்கும், வாக்கியம் ஒன்றோ இரண்டோதான். எனக்கு ஒன்றே ஒன்று: எனக்கு வாயில்லை.

முதல் பற்றை எழுதியது யார்?

இதற்கு ஒரு சாயங்காலம் போதும். அதற்கு மேல் செலவழிக்காதீர்கள். பழசைக் கிளறுவதில் ஒரு ருசி உண்டு, அது நம்மை அங்கேயே உட்கார வைத்துவிடும்.

என் கதை சுருக்கம். ஒன்பது வயதில் ஒரு கல்யாண வீடு. கொட்டகையில் பந்தி நடக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் என்னைத் தூக்கிப் பலகை மேல் நிறுத்தி ஏதாவது பாடச் சொன்னார். எதிரே வரிசையாக இலைகள், அத்தனை முகங்களும் என் பக்கம். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சரியான ஊமைக்கோட்டானா இருக்கானே!" என்றார் அவர். பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் கை குலுங்கிப் பாயசம் சிந்தியதுகூட நினைவிருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அடுத்த நிமிஷமே மறந்து சாப்பிடப் போயிருப்பார். அவர் எழுதியது ஒரே ஒரு வரி. மீதி நாற்பது வருஷம் வட்டி போட்டு எழுதியது நான்.

இந்த இடத்தில் அந்தச் சொந்தக்காரர் மேல் கோபம் வரலாம். வரட்டும். ஆனால் போன் போட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். அவருக்கு நினைவே இருக்காது, உங்களுக்கு இன்னும் ஒரு புது வரி சேரும்.

ஒரு சின்ன விளக்கம்

நம் பேச்சில் ஆணவம் என்றால் திமிர். சைவ சித்தாந்தத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு ஆழம் உண்டு. அணு என்ற சொல்லோடு சேர்த்து அதை விளக்குவார்கள்: விரிந்து பரவ வேண்டிய உயிரை அணு அளவுக்குச் சுருக்கி வைப்பது ஆணவ மலம் என்ற மாசு. அப்படிப் பார்த்தால் "என்னை விட்டால் ஆளில்லை" என்பது மட்டும் ஆணவம் இல்லை. "எனக்கு ஒன்றும் வராது" என்பதும் அதுதான். இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை என் கூச்சத்தை அடக்கம் என்று நினைத்து உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

செம்பில் களிம்பு போல என்று அதற்கு உவமை சொல்வார்கள். புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தை இந்தப் பக்கத்து வீடுகளில் பார்த்தவர்களுக்குத் தெரியும், களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு இல்லை, செம்போடே இருப்பது. ஒரு தடவை துலக்கி அலமாரியில் வைத்தால் மறுபடி பூத்துவிடும். அதனால் அடுத்துச் சொல்லப்போவதைத் தினமும் செய்ய வேண்டும்.

உட்காருவது

தினமும் 15 நிமிஷம், ஒரே நேரம், ஒரே இடம். விடியற்காலை 5 மணி வாசல் தெளிப்பதற்கு முன் அமைதியாக இருக்கும். நடுவில் முற்றம் உள்ள வளவு வீடாக இருந்தால் தூண் ஓரம் அருமையான இடம். ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுமனே உட்கார்ந்தால் மார்கழியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், ஒரு பாயோ ஜமுக்காளமோ போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ரூம் வாடகை வீடு என்றால் சமையலறை மூலை போதும். முட்டி மடங்காதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், புண்ணியம் ஒன்றும் குறையாது.

முதல் ஐந்து நிமிஷம் மூச்சு போவதையும் வருவதையும் கவனியுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம், அது போகிற போக்கிலேயே விடுங்கள். பிறகு உங்கள் சிட்டையில் பிடிபட்ட அந்த வாக்கியத்தை வேண்டுமென்றே மனசுக்குள் ஒரு தடவை சொல்லுங்கள். "எனக்கு வாயில்லை." சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். தொண்டை இறுகும், பந்தியும் பாயசமும் வரும், பேங்க் மேனேஜர் வருவார். வருகிற எதையும் விரட்டாதீர்கள், பின்னாலேயே போகவும் வேண்டாம். அப்போது ஒரே ஒரு கேள்வி: இது யாருக்கு வருகிறது?

திருச்சுழியில் 1879-ல் பிறந்து, 1896-ல் மதுரையில் ஒரு வீட்டு அறையில், திடீரென வந்த மரண பயத்தைப் பிணம் போலப் படுத்தே நேருக்கு நேர் பார்த்த ரமணர் காட்டிய வழி அது. பதில் வார்த்தையில் வேண்டாம். "எனக்கு" என்று பதில் வந்தால் அந்த "எனக்கு" யாருக்கு என்று பாருங்கள். கேட்டதும் ஒரு நொடி சத்தம் நிற்கும். நிஜமாகவே ஒரு நொடிதான். அந்த நொடியில் பந்தி தெரிகிறது, பையன் தெரிகிறான், இறுகிய தொண்டையும் தெரிகிறது. எல்லாம் எதற்குத் தெரிகிறதோ, அதற்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. காரைக்குடியை ஒட்டியே இருக்கும் கோவிலூர் மடம் தலைமுறைகளாகத் தமிழிலேயே வேதாந்தம் சொல்லிக்கொடுத்த இடம். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதை வேதாந்தம் படித்தவர்கள் சாட்சி என்பார்கள். சொல் முக்கியமில்லை, அந்த ஒரு நொடி முக்கியம்.

ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் சில. தூக்கம் வந்தால் முகம் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள், விடாமல் வந்தால் இரவு சீக்கிரம் படுங்கள். வெளிச்சம் தெரிந்தது, சத்தம் கேட்டது என்பதற்கெல்லாம் பெரிதாக அர்த்தம் தேட வேண்டாம். ஒன்றுமே நடக்கவில்லையே என்று பத்தாம் நாள் எரிச்சல் வரும். அந்த எரிச்சலும் யாருக்கோதான் வருகிறது, அதையும் அதே கேள்விக்குள் போடுங்கள். அப்புறம், உட்காரும்போது கண்ணீர் வந்தால் பயப்படாதீர்கள். ஆனால் உட்காராத நேரத்திலும் அழுகை நிற்கவில்லை, தூக்கமில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கு வெட்கப்படுவதும் பழைய பேரேட்டு வேலைதான்.

திருக்கோஷ்டியூருக்கு ஒரு நடை

ஒரு மாதம் உட்கார்ந்த பிறகு, முடிந்தால் திருக்கோஷ்டியூர் போய் வாருங்கள். திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகும் சாலையில் இருக்கிறது. வேண்டுதலோடு போக வேண்டியதில்லை, ஒரு கதை நடந்த இடத்தைப் பார்க்கப் போகிறோம்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் ராமானுஜர் மந்திரத்தின் பொருளைத் தெரிந்துகொள்ளத் திருக்கோஷ்டியூர் நம்பியைத் தேடி ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தார். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் நடை. உள்ளேயிருந்து "யார்?" என்று குரல். "நான் ராமானுஜன் வந்திருக்கிறேன்." "நான் செத்த பிறகு வா." தன் ஆசாரியர் இறந்த பிறகா வருவது என்று குழம்பித் திரும்பினார். இப்படிப் பதினேழு தடவை. பதினெட்டாவது தடவைதான், சாக வேண்டியது நம்பி இல்லை, தன் வாயிலிருந்த "நான்" என்று பிடிபட்டது. "அடியேன் ராமானுஜன்" என்றார். கதவு திறந்தது. யாருக்கும் சொல்லாதே என்று நம்பி சொல்லிக்கொடுத்ததை அவர் கோயில் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட அந்தப் பதினேழு நடைதான் பெரிதாகப் படுகிறது. ஒவ்வொரு தடவையும் திரும்பி நடந்த அந்த நூறு கிலோமீட்டரில் அவர் என்ன நினைத்திருப்பார்?

நீங்கள் பத்து நாள் உட்கார்ந்து பதினோராம் நாள் விட்டுவிட்டால் பன்னிரண்டாம் நாள் மறுபடி உட்காருங்கள். அதுவும் ஒரு நடைதான்.

"நான்" இல்லாமல் ஒரு நாள்

இந்தப் பயிற்சி தமிழ் பேசுகிறவர்களுக்கு ரொம்ப வசதி. நம் வினைச்சொல்லிலேயே ஆள் ஒளிந்திருக்கிறான். "வருகிறேன்" என்றால் போதும், "நான்" தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள். சொல்ல வருவதற்கு முன் அரை நொடி நிற்க வேண்டிவரும். அந்த அரை நொடிக்காகத்தான் இது.

இன்னொன்றும் கவனியுங்கள். பசி வந்தால் "பசிக்கிறது" என்கிறோம். குளிர் வந்தால் "குளிர்கிறது". வந்தது, இருந்தது, போனது. பயம் வந்தால் மட்டும் ஏன் "நான் ஒரு பயந்தாங்கொள்ளி"? "பயமாக இருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே! சிட்டையில் உள்ள வாக்கியங்களை இப்படி மாற்றி எழுதுங்கள். "எனக்கு வாயில்லை" என்பது "அந்த நேரம் பேச்சு வரவில்லை" ஆகும். "நான் பெரிய பேச்சாளன்" என்று எழுதிவிடாதீர்கள். பொய்க் கணக்கு எழுதினால் மனசு நம்பாது, அதுவும் ஆணவத்தின் இன்னொரு முனை.

பழைய ஆள் செய்யாத ஒரு சின்ன வேலை

உட்கார்ந்து கண்டதைத் தெருவில் ஒரு தடவை பார்த்தால்தான் நம்பிக்கை வரும். மேடையேற வேண்டாம். பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறையைக் கேளுங்கள். எனக்கு முதல் வேலை அதுதான். கோட்டையூர் தாண்டி, பள்ளத்தூர் தாண்டி, கானாடுகாத்தான் வரும் வரை கேட்கலாமா வேண்டாமா என்றே இருந்தேன். இறங்கும்போதுதான் கேட்டேன். "மறந்துட்டேண்ணே" என்று கொடுத்துவிட்டார். ஐந்து ரூபாய்.

பெரியது மூன்று மாதம் கழித்து வந்தது. சொந்தத்தில் ஒரு பங்கு பிரிக்கும் பேச்சு. கணக்கில் ஒரு தப்பு இருந்தது, எனக்குத்தான் அது தெரியும். வழக்கமாக மச்சினர் காதில் ஓதுவேன், அவர் பேசுவார். அன்று நானே பேசினேன். குரல் நடுங்கியது. சொல்ல நினைத்ததில் பாதி மறந்தது. ஒருத்தர் சிரிக்கவும் செய்தார். கணக்கு மட்டும் திருத்தப்பட்டது. நடுங்கிய குரலைப் பார்த்துக்கொண்டே பேச முடிகிறது என்பதுதான் எனக்கு அன்று புதுசு. நடுக்கம் நின்ற பிறகு பேசலாம் என்று நாற்பது வருஷம் காத்திருந்தவன் நான்.

வீட்டில் உள்ளவர்களின் பேரேடு

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் எழுதுவதை நிறுத்தினாலும், உங்கள் பேரில் மற்றவர்கள் எழுதி வைத்திருப்பது அப்படியே இருக்கும். பேங்குக்கு நானே போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரி, "என்ன, இன்னைக்குப் புதுசா? உங்களுக்கு எதுக்கு வேண்டாத வேலை?" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். மச்சினருக்கு லேசாக வருத்தம்கூட, அவர் வேலையை நான் பறித்துக்கொண்ட மாதிரி. நீங்கள் மாறினால் பக்கத்தில் இருப்பவர்களும் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு அவகாசம் கொடுங்கள். "நான் மாறிவிட்டேன்" என்று அறிவிக்க வேண்டாம். யாருக்கும் உபதேசமும் வேண்டாம். சிட்டை எழுத ஆரம்பித்த மூன்றாம் வாரமே ஊருக்கெல்லாம் சிட்டை வாங்கிக் கொடுக்கத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடமைகளை விடுவதும் இதுவும் ஒன்றில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பெரும் வணிகரான பட்டினத்தார் காதற்ற ஊசி ஒன்றைக் கண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார் என்பார்கள். நகரத்தார் எனப்படும் இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் தங்கள் பூர்விகம் அந்தப் பட்டினம் என்று சொல்வதால் இந்தப் பக்கம் அவர் கதைக்குத் தனி மரியாதை. ஆனால் பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டியவர்களும் ஆத்தாவுக்கு மாத்திரை வாங்க வேண்டியவர்களும் அவரைப் போல இறங்கி நடக்க வேண்டாம். விட வேண்டியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

எத்தனை நாளில் போகும் என்று கேட்டால், என்னிடம் கணக்கு இல்லை. எனக்கு அந்த வாக்கியம் இன்னும் வருகிறது. முன்பு நாளுக்கு ஏழெட்டுத் தடவை, இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு. கூட்டமான கல்யாண வீடு என்றால் வாசலிலேயே வந்து நிற்கும். வந்தால் தொண்டையைப் பார்க்கிறேன், உள்ளே போகிறேன்.

போன மாதம் காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய் ஊமைக்கோட்டான்!" பலகை மேல் என்னை நிறுத்திய அதே சொந்தக்காரர். இப்போது கையில் கம்பு, காது சரியாகக் கேட்காது. திரும்பி, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று உரக்கக் கேட்டேன். எதிர்க் கடையில் டீ சாப்பிட்டோம். காசை அவர்தான் கொடுத்தார்.